வழிநூல் இலக்கணமும் மீள்பாடலும்: நிக் டிரேக் பாடல்களின் மறுபாடுகை மரபு

ஆய்வுச் சுருக்கம்

நிக் டிரேக் (1948–1974) இங்கிலாந்தின் நாட்டார் இசை மறுமலர்ச்சிச் சூழலில் உருவான பாடலாசிரியர், பாடகர். வாழ்நாளில் மூன்று இசைத்தொகுப்புகளை மட்டுமே வெளியிட்டார். பிற கலைஞர்கள் அவர் பாடல்களை மீண்டும் பாடி வெளியிட்ட பதிவுகளும், அவரை நினைந்து இயற்றப்பட்ட பாடல்களும் இன்று ஒரு தனி மரபாகத் திரண்டுள்ளன. தொல்காப்பிய மரபியலும் நன்னூற் பொதுப்பாயிரமும் வகுத்துள்ள வழிநூல் இலக்கணத்தைத் துணையாகக் கொண்டு இக்கட்டுரை அம்மரபை மதிப்பிடுகிறது. ஒரு பாடலின் 'முடிபு' என்பது அதைப் பாடியவரின் துயரமோ குரலின் சாயலோ அன்று. தாளம், சுருதியமைப்பு, சொல் ஆகியவற்றுக்கிடையே நிலவும் உறவே அது. அவ்வுறவைக் காத்து ஏனையவற்றை மாற்றிய மீள்பாடல்களே டிரேக்கின் படைப்பை அவருடைய சாவின் நிழலிலிருந்து விடுவித்துள்ளன என்பது இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

திறவுச்சொற்கள்: நிக் டிரேக், மீள்பாடல், வழிநூல், இசைக்கோப்பு, அஞ்சலித் தொகுப்பு, மாலி டிரேக்.

1. முன்னுரை

ஒருவர் இயற்றிப் பாடிப் பதிவுசெய்த பாடலை மற்றொருவர் தம் குரலிலும் இசையிலும் மீண்டும் பதிவுசெய்வதை மேலை வெகுமக்கள் இசையுலகம் 'கவர் வெர்ஷன்' என்கிறது. இக்கட்டுரையில் அது 'மீள்பாடல்' எனப்படுகிறது. மீள்பாடலைப் பற்றிய திறனாய்வு பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளுக்குள் அடங்கிவிடுகிறது. மூலத்துக்கு எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று அளப்பது ஒன்று. மூலத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாராட்டுவது மற்றொன்று. இரண்டும் தொலைவைத்தான் அளக்கின்றன. எதிலிருந்து விலகல், எதனோடு நெருக்கம் என்ற வினாவை இரண்டுமே எழுப்புவதில்லை.

தமிழ் இலக்கண மரபு இவ்வினாவை வேறொரு களத்தில் எழுப்பியுள்ளது. நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுக்கும் தொல்காப்பிய மரபியல், வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்துகிறது. நன்னூலின் பொதுப்பாயிரமோ வழிநூலுக்கு இரண்டு கடமைகளை விதிக்கிறது. முன்னோர் நூலின் முடிபோடு அது ஒத்திருக்க வேண்டும். பின்னோன் தான் வேண்டும் விகற்பத்தையும் அதில் கூற வேண்டும். ஒப்புமையும் வேறுபாடும் ஒரே படைப்பில் ஒருங்கே அமைய வேண்டும் என்பது இவ்விலக்கணத்தின் உட்கிடை. முடிபில் ஒப்புமை, ஏனையவற்றில் விகற்பம் என இடம் பிரித்துக் காட்டுவதே இதன் வலிமை.

நூலுக்கு வகுத்த இலக்கணத்தைப் பாட்டுக்குப் பொருத்துவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. இலக்கண நூலின் முடிபு ஒரு கோட்பாடு. அதை எடுத்துக் கூறிவிடலாம். பாடலின் முடிபு எது? இவ்வினாவுக்கு நிக் டிரேக்கின் பாடல்கள் தகுந்த சோதனைக்களமாக அமைகின்றன. அவரைச் சூழ்ந்துள்ள வழிபாட்டு மனநிலை, பாடல்களின் முடிபு அவருடைய துயரமே என்று முன்கூட்டியே தீர்ப்பளித்துவிட்டது. அத்தீர்ப்பு சரியா என்பதை அப்பாடல்களை மீண்டும் பாடியவர்களின் பதிவுகளைக் கொண்டே சோதிக்கலாம்.

2. முதற்பாடலின் இயல்பு

நிக் டிரேக் 1948 ஜூன் 19 அன்று இரங்கூனில் பிறந்தார். அவருடைய குடும்பம் பின்னர் இங்கிலாந்து திரும்பி வார்விக்ஷயரின் டான்வொர்த்-இன்-ஆர்டன் என்னும் சிற்றூரில் குடியேறியது. கேம்பிரிட்ஜில் பயின்றுகொண்டிருந்தபோதே தயாரிப்பாளர் ஜோ பாய்டின் கவனத்துக்கு வந்தார். ஐலண்ட் நிறுவனத்தின் வழியே 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்' (1969), 'பிரைட்டர் லேட்டர்' (1971), 'பிங்க் மூன்' (1972) ஆகிய மூன்று தொகுப்புகள் வெளிவந்தன. அவை வெளிவந்த காலத்தில் ஒவ்வொன்றும் ஐயாயிரம் படிகள்கூட விற்கவில்லை என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. நெடுங்கால மனச்சோர்வுக்குப் பின், 1974 நவம்பர் 25 அன்று, இருபத்தாறாம் வயதில் டிரேக் இறந்தார். வளர்ந்தபின் அவர் பாடும் காட்சியைக் காட்டும் ஒளிப்படச் சுருள் எதுவும் இல்லை.

இந்த இறுதிச் செய்தி மீள்பாடல் ஆய்வுக்கு இன்றியமையாதது. டிரேக்கின் பாடல்கள் ஓர் உடலால், ஒரு மேடையில் நிகழ்த்தப்படுவதைக் காண விரும்பும் எவரும் பிறர் பாடுவதைத்தான் காண முடியும். ஏனைய பாடகர்களின் மீள்பாடல்கள் மூலப் பாடகரின் நிகழ்த்துதலோடு ஒப்பிடப்படுகின்றன. டிரேக்கின் மீள்பாடல்களுக்கு ஒப்பீடாக நிற்பவை பதிவுக்கூடத்து ஒலி மட்டுமே.

அந்த ஒலியின் அமைப்பு தனித்தன்மை உடையது. டிரேக் கிட்டாரின் ஆறு தந்திகளை வழக்கமான முறையில் சுருதி கூட்டாமல் பாட்டுக்குப் பாட்டு வெவ்வேறு முறையில் கூட்டினார். 'பிங்க் மூன்' பாடலில் கையாளப்பட்ட முறையைக் கருநாடக இசைச் சுரங்களால் குறிப்பதானால், கனத்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை ஸ, ப, ஸ, ம, ஸ, க என அமையும். மூன்று தந்திகள் வெவ்வேறு தானத்தில் ஆதார சுருதியையே ஒலிப்பதால் பாட்டு முழுவதும் ஒரு தம்புராத்தன்மை பரவி நிற்கிறது. மேடையில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்பு தந்திகளை மாற்றிக் கூட்ட நேர்ந்ததும், அவ்விடைவெளிகளில் அவர் அவையோரிடம் பேசாதிருந்ததும் அவருடைய நிகழ்ச்சிகள் எடுபடாமற்போனதற்குக் காரணங்களாகக் குறிக்கப்படுகின்றன.

இரண்டாவது கூறு தாளம் பற்றியது. அவருடைய விரல்கள் மாறாத ஒழுங்கில் தந்திகளைச் சுண்டிச் செல்ல, குரல் அவ்வொழுங்கின் எடுப்பில் தொடங்காமல் பல அடிகளில் சற்றுப் பிந்தி நுழைகிறது; ஒரு சுற்றில் தொடங்கிய தொடர் அடுத்த சுற்றுக்குள் சென்று முடிகிறது. 'ரிவர் மேன்' பாடல் சுற்றுக்கு ஐந்து எண்ணிக்கை கொண்டது. கண்ட நடைக்குப் பழகிய செவிக்கு இது புதிதன்று. ஆனால் நான்கு எண்ணிக்கையே பெருவழக்காக உள்ள ஆங்கில வெகுமக்கள் இசையில் இது அரிது. பாட்டு விரைவாகச் செல்லவில்லை, எனினும் ஓய்வதுமில்லை. கரையில் நின்று ஆற்றைப் பார்க்கும் ஒருவரின் உணர்வு சொல்லால் மட்டும் உண்டாக்கப்படவில்லை. ஐந்தாம் எண்ணிக்கை ஒவ்வொரு சுற்றையும் சற்றே நீட்டிவிடுவதால் உண்டாகிறது.

எனவே டிரேக்கின் பாடலில் இராகப் போக்கு, கிட்டார்ச் சுருதியமைப்பு, குரல் நுழையும் இடம், சொல் ஆகிய நான்கும் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. அவற்றில் எதைக் கழற்றலாம், எதைக் கழற்றினால் பாட்டே குலையும் என்பதுதான் மீண்டும் பாடுவோர் ஒவ்வொருவரும் விடை காண வேண்டிய வினா.

3. வாழ்நாளிலேயே தொடங்கிய மறுபாடுகை

டிரேக்கின் பாடல்கள் அவர் இறந்த பின்னரே பிறரால் பாடப்பட்டன என்பது பொதுவான எண்ணம். அது பொருந்தாது. 1970இல் ஜோ பாய்ட் தம் பாடல் பதிப்பு நிறுவனமான வார்லாக் மியூசிக்கின் பாடல்களைப் பிற பாடகர்களிடம் அறிமுகப்படுத்தும் பொருட்டு மாதிரிப் பதிவொன்றைத் தயாரித்தார். அதில் டிரேக்கின் பாடல்கள் சிலவற்றைப் பாடியவர் அப்போது பரவலான புகழை எட்டியிராத எல்டன் ஜான். மிகச் சில படிகளே அச்சான அம்மாதிரி விற்பனைக்கு வரவில்லை. பியானோவை முதன்மையாகக் கொண்டு, எடுப்பில் அழுத்தமாகத் தொடங்கும் எல்டன் ஜானின் பாடுமுறை டிரேக்கின் பிந்திய நுழைவை நேர்படுத்திவிடுகிறது. பாடல்கள் அதனால் எளிதில் பற்றிக்கொள்ளத்தக்கவை ஆகின்றன. அதே அளவுக்கு அக்காலத்தின் ஏனைய பாடல்களைப் போலவும் ஆகிவிடுகின்றன. எனினும் இம்முயற்சி ஒன்றைத் தெளிவாக்குகிறது. பிறர் பாடுவதற்கு உரிய பாடல்களாகவே அவை தொடக்கத்தில் கருதப்பட்டன. ஒருவருக்கு மட்டுமே உரிய அந்தரங்க வாக்குமூலம் என்ற புனிதம் அவற்றின்மீது பின்னரே ஏற்றப்பட்டது.

அதே 1970இல் ஜமைக்காவைச் சேர்ந்த மில்லி ஸ்மால் டிரேக்கின் 'மேஃபேர்' பாடலைப் பதிவுசெய்தார். 1964இல் 'மை பாய் லாலிபாப்' பாடலால் பெரும்புகழ் பெற்றவர் இவர். 'மேஃபேர்' இலண்டனின் செல்வர் குடியிருப்பை மெல்லிய எள்ளலோடு நோக்கும் பாடல். டிரேக் அதைத் தம் தொகுப்புகள் எதிலும் சேர்க்கவில்லை. அவருடைய சொந்தப் பதிவு அவர் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தது. எனவே அப்பாடலைப் பொறுத்தவரை உலகுக்கு முதலில் கிடைத்தது வழிநூல். முதல்நூல் பிறகே வந்தது.

மில்லியின் பதிவு வெளியான சூழல் மேலும் நோக்கத்தக்கது. குடியேறிகளுக்கு எதிரான பேச்சால் அறியப்பட்ட அரசியல்வாதி ஈனாக் பவலைக் குறிவைத்த 'ஈனாக் பவர்' என்னும் பாடலின் மறுபக்கத்தில் 'மேஃபேர்' இடம்பெற்றது. மேல்தட்டுக் குடும்பத்து இளைஞர் ஒருவர் தம் சூழலை உள்ளிருந்து பார்த்துப் புன்னகைத்த பாடல், ஜமைக்காப் பெண்ணின் குரலில் ரெகே தாளத்தோடு ஒலிக்கும்போது, அதே செல்வர் தெருவை வெளியிலிருந்து பார்க்கும் பாடலாகிறது. சொல் மாறவில்லை, நோக்குநிலை மாறிவிட்டது. நன்னூல் கூறும் விகற்பத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று காண்பது கடினம். டிரேக்கின் மீள்பாடல் மரபு துயரத்தில் தொடங்கவில்லை, எள்ளலில் தொடங்கியது என்பதும் இதனால் புலனாகிறது.

4. தொகுத்தலும் விரித்தலும்

முதல் தொகுப்பின் பாடல்கள் பலவற்றுக்கு டிரேக்கின் கேம்பிரிட்ஜ் நண்பர் ராபர்ட் கெர்பி நரம்பிசைக் கோப்பு அமைத்தார். நிறுவனம் முதலில் அமர்த்திய இசையமைப்பாளரின் கோப்பு டிரேக்குக்கு நிறைவளிக்காததால், மாணவரான கெர்பியை அவரே முன்மொழிந்தார். கெர்பியின் கோப்பில் நரம்பிசை பாட்டுக்குப் பின்னணியாக நிற்பதில்லை. 'வே டு புளூ' பாடலில் கிட்டாரே இல்லை. குரலும் நரம்பிசையும் மட்டுமே. எனவே இப்பாடல்களை மீண்டும் பாடுவோர் டிரேக்கோடு கெர்பியையும் எதிர்கொள்கின்றனர்.

தொகுத்தல் வகைக்குச் சார்லி ஹண்டர் நால்வர் குழு 2001இல் வெளியிட்ட 'டே இஸ் டன்' பதிவைச் சான்றாகக் கொள்ளலாம். பாடியவர் நோரா ஜோன்ஸ்; தம் முதல் தொகுப்பு வெளிவருவதற்கு முந்திய ஆண்டில் பாடியது இது. கெர்பியின் நரம்பிசைக் கோப்பு இங்கு முழுவதும் நீக்கப்பட்டுள்ளது. மூலத்தில் ஒரு நாளின் முடிவை அடுக்கிச் சொல்லும் அடிகளை நரம்பிசை துரத்திக்கொண்டே செல்லும். அந்த நெருக்கடி இங்கு இல்லை. அதற்கு மாறாக ஒவ்வொரு அடிக்குப் பின்னும் ஓர் இடைவெளி கிடைக்கிறது. குறைவாகச் சொல்வதன் வழி சொல்லின் எடை கூடுகிறது. தொகுத்தலின் பயன் இதுவே.

'பிங்க் மூன்' தொகுப்பு எதிர்த்திசைச் சிக்கலை முன்வைக்கிறது. 1971 அக்டோபரில் இரண்டே இரவுகளில், ஒலிப்பதிவாளர் ஜான் வுட் மட்டும் உடனிருக்க, குரலும் கிட்டாரும் கொண்டு பதிவான தொகுப்பு அது. தலைப்புப் பாடலில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட சிறு பியானோப் பகுதி ஒன்றே கூடுதல். பதினொரு பாடல்களும் சேர்ந்து அரைமணி நேரத்துக்கும் குறைவு. இனித் தொகுக்க எதுவுமில்லாத நிலையில் விரித்தல் ஒன்றே வழி. அமெரிக்கக் குழுவான செபாடோ 1992இல் 'பிங்க் மூன்' பாடலை மின்கிட்டார் இரைச்சலோடு பாடியது. மூலத்தில் அடங்கிய குரலில் வரும் எச்சரிக்கை இங்கு வெளிப்படையான அலறலாகிறது. பாடலின் சொற்கள் மிகக் குறைவானவை. வரவிருக்கும் ஒன்று எவரையும் விடாது என்பதே அவற்றின் பொருள். அதைப் பணிவோடும் சொல்லலாம், சினத்தோடும் சொல்லலாம் என்று செபாடோ காட்டியது. பணிவு பாடலுக்கு உரியதன்று, பாடியவருக்கு உரியது என்பது இதனால் தெரிகிறது.

அதே 1992இல் லூசிண்டா வில்லியம்ஸ் அதே தொகுப்பின் 'விச் வில்' பாடலைத் தம் 'ஸ்வீட் ஓல்ட் வேர்ல்ட்' தொகுப்பின் இறுதியில் வைத்தார். எதைத் தேர்வாய், யாரைத் தேர்வாய் என ஒருவரை நோக்கி அடுக்கப்படும் வினாக்களால் ஆன பாடல் அது. இழப்பையும் தற்கொலையையும் நேரடியாகப் பேசும் பாடல்களைக் கொண்ட தொகுப்பின் முடிவில் அது வைக்கப்படும்போது, காதலரிடம் கேட்ட வினா பிரிந்து சென்றவரிடம் கேட்கும் வினாவாக விரிகிறது. சொல்லைத் தொடாமல் இடத்தை மாற்றிப் பொருளை விரித்தமை இது. பழந்தமிழ்த் தொகை நூல்களில் ஒரு பாடல் எந்தத் திணை, துறைக் குறிப்பின்கீழ் வைக்கப்படுகிறது என்பது அதன் பொருளை நெறிப்படுத்துவதை இதனோடு ஒப்பிடலாம்.

தொகைவிரி, ஒன்றைச் சுருக்கி மற்றொன்றை விரிப்பது. டப்ளின் நகரத்து ஃபான்டெய்ன்ஸ் டி.சி. குழு 2023இல் பாடிய ''செல்லோ சாங்' இவ்வகையினது. மூலத்தில் கிட்டாரின் விரைந்த சுழற்சிக்கு மேல் செல்லோவும் டிரேக்கின் சொல்லற்ற முனகலும் இழைந்து வரும். மீள்பாடலில் செல்லோவின் இடத்தை மின்கிட்டார்களும் முரசும் எடுத்துக்கொள்கின்றன. பெயரிலேயே உள்ள கருவி பின்வாங்கிவிட்டது. எனினும் பாட்டு குலையவில்லை. இடைவிடாத சுழற்சிக்கு மேல் அவசரமின்றிச் செல்லும் குரல் என்னும் உறவு அப்படியே காக்கப்பட்டிருப்பதே காரணம். கருவி புறக்கூறு, உறவு அகக்கூறு என்ற பாகுபாட்டை இப்பதிவு செவிக்கு மெய்ப்பிக்கிறது.

5. மொழிபெயர்த்தல்: சொல்லற்ற பாடல்

நான்காவது வகையான மொழிபெயர்த்தலுக்கு, மொழியையே நீக்கிய பதிவுகள் சான்றாகின்றன. அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் பிராட் மெல்டாவ் 1998இல் வெளிவந்த தம் மூவர் குழுத் தொகுப்பில் 'ரிவர் மேன்' பாடலை வாசித்தார். 2005இல் தம் தொகுப்பு ஒன்றுக்கு 'டே இஸ் டன்' என்னும் டிரேக் பாடலின் பெயரையே இட்டார். சொல்லும் இல்லை, கிட்டாரும் இல்லை, டிரேக்கின் குரல் நினைவுக்கு வர வாய்ப்பும் இல்லை. எஞ்சியிருப்பவை இராகப் போக்கும் ஐந்து எண்ணிக்கைச் சுற்றும்.

'ரிவர் மேன்' மூலப்பதிவுக்கு நரம்பிசை அமைத்தவர் கெர்பியல்லர், ஹாரி ராபின்சன். டிரேக் பாடி வாசிக்க, நரம்பிசைக் குழுவும் உடனிருந்து ஒரே வேளையில் பதிவுசெய்யப்பட்டது அது. அக்கோப்பு பாட்டின் நடுவில் எழுந்து, குரலைச் சூழ்ந்து, மீண்டும் அடங்கும். மெல்டாவின் வாசிப்பில் அவ்வெழுச்சியைப் பியானோவின் மனோதர்மப் பகுதி ஏற்கிறது. அவர் எவ்வளவு தொலைவு சென்றாலும் ஐந்து எண்ணிக்கைச் சுற்று கலைவதில்லை. தொல்காப்பியம் மொழிபெயர்ப்பை நெறிப்பட யாப்பதோடு சேர்த்தே கூறுகிறது. சொல்லைப் பெயர்த்து வைத்தல் போதாது, ஏற்கும் மொழியின் நெறியில் அதை யாக்க வேண்டும் என்பது அதன் கருத்து. மெல்டாவ் டிரேக்கின் பாடலை ஜாஸின் நெறியில் யாத்துள்ளார்.

அதே 1998இல் ஆண்டி பே என்னும் ஜாஸ் பாடகரும் 'ரிவர் மேன்' பாடலைப் பதிவுசெய்தார். ஆழ்ந்து கனத்த அவருடைய குரல் டிரேக்கின் மெல்லிய மூச்சுக்குரலுக்கு நேர்மாறானது. ஒருவர் சொல்லை நீக்கினார். மற்றவர் குரலின் இயல்பையே மாற்றினார். இரண்டிலும் பாடல் நிலைபெற்றிருப்பது, அதன் முடிபு சொல்லிலும் குரல்வகையிலும் மட்டும் தங்கியிருக்கவில்லை என்பதை உறுதிப்படுத்துகிறது.

6. ஆளைப் பாடுதலும் பாட்டைப் பாடுதலும்

மீள்பாடல்களிலிருந்து வேறாக, டிரேக்கையே பொருளாகக் கொண்ட பாடல்களும் உள்ளன. அவருடைய நண்பர் ஜான் மார்டின் 1973இல் வெளியிட்ட 'சாலிட் ஏர்' அவற்றுள் முதன்மையானது. டிரேக் உயிரோடு இருந்தபோதே அவரை நோக்கி எழுதப்பட்டது அது. எனவே அதைக் கையறுநிலை எனக் கொள்வது பிழை. துன்புறும் நண்பருக்கு அருகில் நின்று, அவர் துன்பத்தை முழுதும் அறிய இயலாமையை ஒப்புக்கொண்டு, உடன் வரத் தயார் என்று சொல்லும் பாட்டு அது. டிரேக்கின் இசைச்சாயல் எதையும் மார்டின் கடன் வாங்கவில்லை.

1985இல் தி டிரீம் அகாடமி குழு டிரேக்குக்குக் காணிக்கையாக்கிய 'லைஃப் இன் எ நார்தர்ன் டவுன்' வேறு நிலையில் நிற்கிறது. அது அமெரிக்காவிலும் பெரும் வெற்றி பெற்று, டிரேக்கின் பெயரைப் புதிய தலைமுறையிடம் சேர்த்தது. ஆனால் அது சேர்த்தது பெயரை, பாடலை அன்று. இவ்விரு பாடல்களுக்கிடையே பன்னிரண்டு ஆண்டுகளில் டிரேக் முன்னிலையிலிருந்து படர்க்கைக்கு நகர்ந்துவிட்டார்.

இந்நகர்வே வழிபாட்டின் தொடக்கம். முதல் தொகுப்பில் உள்ள 'ஃபுரூட் ட்ரீ' பாடல், புகழ் என்பது படைத்தவர் மண்ணுக்குள் சென்ற பின்னரே தழைக்கும் மரம் என்ற கருத்துடையது. 1979இல் அவருடைய தொகுப்புகள் ஒரு பெட்டகமாக வெளிவந்தபோது அப்பாடலின் பெயரே அதற்கு இடப்பட்டது. இருபது வயதை ஒட்டிய இளைஞர் ஒருவர் கவிதை மரபின் பழைய கருப்பொருள் ஒன்றைக் கையாண்ட பாட்டு, தன் சாவை முன்னுரைத்த தீர்க்கதரிசனமாக வாசிக்கப்படலாயிற்று. பின்னிகழ்ந்ததை முன்னெழுதியதன்மேல் ஏற்றும் இவ்வாசிப்பு பாடலுக்கும் அநீதி, பாடியவருக்கும் அநீதி. பாட்டு ஒரு நோய்க்குறிப்பாகச் சுருங்குகிறது. இயற்றியவரின் கைத்திறன் மறைகிறது.

1999ஆம் ஆண்டின் இறுதியில் ஃபோக்ஸ்வாகன் மகிழுந்து விளம்பரம் ஒன்றில் 'பிங்க் மூன்' மூலப்பதிவு ஒலித்தது. நிலவொளியில் திறந்த வண்டியில் செல்லும் இளைஞர் நால்வர், விருந்து நடக்கும் வீட்டை அடைந்தும் உள்ளே செல்லாமல் பயணத்தையே தொடர்கின்றனர் என்பது அதன் காட்சி. மிகப் பெரிய அளவில் டிரேக்குக்குக் கேட்போரைத் தந்தது இவ்விளம்பரமே, மீள்பாடல்கள் அல்ல. ஆகவே மீள்பாடல்களின் மதிப்பைப் பரப்புரைப் பயனில் தேடுதல் பொருந்தாது. அவை செய்தது திறனாய்வுப் பணி. பாடலுக்குள் எது தாங்கும் தூண், எது பூச்சு என்பதை அவை இசையாலேயே பகுத்துக் காட்டின.

7. அஞ்சலித் தொகுப்புகள்: காப்பும் விடுப்பும்

1992இல் வெளிவந்த 'பிரிட்டில் டேஸ்' தொடங்கிப் பல அஞ்சலித் தொகுப்புகள் உள்ளன. அவற்றுள் இரண்டு எதிரெதிர்க் கொள்கைகளைக் காட்டுவன. முதலாவது, ஜோ பாய்ட் ஒருங்கிணைத்த நினைவேந்தல் இசை நிகழ்ச்சிகளிலிருந்து தொகுக்கப்பட்டு 2013இல் வெளிவந்த 'வே டு புளூ'. கெர்பியின் இசைக்கோப்புகள் அதில் இடம்பெற்றன. மூலப்பதிவுகளில் டபுள் பேஸ் வாசித்த டேனி தாம்சனும் வாசித்தார். வாஷ்டி பன்யன், லிசா ஹானிகன், கிரீன் கார்ட்சைட், ராபின் ஹிட்ச்காக் முதலியோர் பாடினர். கோப்பு மூலத்தது, குரல் புதிது என்பது அதன் அமைப்பு.

இரண்டாவது, 2023இல் கிரிசலிஸ் நிறுவனம் வெளியிட்ட 'தி எண்ட்லெஸ் கலர்டு வேஸ்'. மூலப்பதிவை மறந்துவிட்டுப் பாட்டைத் தம் பாணியில் புதிதாக ஆக்குமாறு கலைஞர்களிடம் கேட்டுக்கொள்ளப்பட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் பங்கேற்றனர். முதலாவதின் ஆபத்து தேக்கம். கோப்பு மாறாதபோது புதிய குரல், இல்லாத ஒருவரின் இருக்கையில் அமர்ந்தவரின் குரலாகிவிடக்கூடும். இரண்டாவதின் ஆபத்து கரைவு. மூலத்தை மறப்பதற்கான அனுமதி, பாட்டின் உள்ளுறவைக் கவனியாதிருப்பதற்கான அனுமதியாகவும் கொள்ளப்படலாம். கிட்டாரின் சுழற்சியை நீக்கி, எடுப்பில் விழும் பொதுவான சுரக்கூட்டுகளை அங்கு வைத்தால், எஞ்சுவது இனிய மெட்டு ஒன்றே. அந்நிலையில் அது முடிபொத்த வழிநூலாகாது. ஒரு பகுதியில் மட்டும் ஒத்து ஏனையவற்றில் திரியும் சார்புநூலாகவே கொள்ளத்தகும். மேலே கண்ட ஃபான்டெய்ன்ஸ் டி.சி. பதிவு இவ்வாபத்தைத் தாண்டியது. மூலத்தின் ஒலியை மறந்தும் அதன் உறவை மறவாமையே காரணம்.

2023 தொகுப்பில் லெட்ஸ் ஈட் கிராண்ட்மா என்னும் இரு பெண்கள் கொண்ட குழு 'ஃபிரம் தி மார்னிங்' பாடலைப் பாடியது தனியே குறிப்பிடத்தக்கது. டிரேக் வெளியிட்ட இறுதித் தொகுப்பின் இறுதிப் பாடல் இது. மிக இருண்டது எனப்படும் அத்தொகுப்பு, விடியலைப் பாடி முடிகிறது. அப்பாடலின் அடியொன்றே டான்வொர்த் தேவாலய வளாகத்தில் அவருடைய கல்லறையிலும் பொறிக்கப்பட்டுள்ளது. இளம் பெண்களின் குரலில் ஒலிக்கும்போது அது கல்லெழுத்து என்ற நிலையிலிருந்து விலகி, ஒரு நாள் தொடங்குவதைச் சொல்லும் பாட்டாகிறது. வழிபாட்டு வாசிப்பால் கேட்க முடியாமற்போன ஒன்றை மீள்பாடல் மீட்டுத் தந்தது.

8. முதல்நூலுக்கும் முந்தியது

தொல்காப்பியர் முதல்நூலை வினையின் நீங்கிய தூய அறிவினனுக்கே உரித்தாக்கினார். அவ்வரையறையின்படி மனிதர் இயற்றும் எதுவும் ஏதோ ஒரு வகையில் வழிநூலே. டிரேக்கின் நேர்வில் இதற்குப் பதிவுச் சான்றே உண்டு. 2007இல் வெளிவந்த 'ஃபேமிலி ட்ரீ' தொகுப்பு அவர் இளமையில் வீட்டில் பதிவுசெய்தவற்றைக் கொண்டது. அதில் ஜாக்சன் சி. ஃபிராங்க், பெர்ட் ஜான்ஷ், பாப் டிலன் முதலியோரின் பாடல்களை டிரேக் பாடுகிறார். அவரும் மீள்பாடகராகவே தொடங்கினார்.

அத்தொகுப்பில் அவருடைய தாயார் மாலி டிரேக் பியானோ வாசித்துப் பாடிய இரு பாடல்களும் உள்ளன. 1950களில் வீட்டளவில் பதிவான மாலியின் பாடல்கள் 2013இல் பரவலாக வெளிவந்தபோது, நிக் டிரேக்கின் இசைப்போக்கு பலவற்றுக்கு அங்கு முன்வடிவம் இருப்பது தெரியவந்தது. மாலி வாழ்நாளில் எதையும் வெளியிடவில்லை. 2017இல் நார்தம்பர்லாந்து மரபைச் சேர்ந்த தி அன்தாங்க்ஸ் குழு மாலியின் பாடல்களையும் கவிதைகளையும் ஒரு தொகுப்பாக்கியது. மகளும் நடிகையுமான கேப்ரியல் டிரேக் கவிதைகளை வாசித்தார். மகனைப் புரிந்துகொள்ள உதவும் ஆவணம் என்ற நிலையிலிருந்து தனித்த பாடலாசிரியர் என்ற நிலைக்கு மாலியை உயர்த்தியது இத்தொகுப்பு. மீள்பாடல் மரபு முதல்நூலிலிருந்து முன்னோக்கி மட்டும் வளர்வதில்லை. பின்னோக்கியும் வளர்ந்து, முதல்நூலின் வேரை வெளிக்கொணர்கிறது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன புலனாகின்றன. டிரேக்கின் பாடல்கள் தொடக்கம் முதலே பிறர் பாடுவதற்கு உரியனவாகக் கருதப்பட்டன; மில்லி ஸ்மாலின் பதிவு அவை வேறு சமூக நிலையிலிருந்தும் பொருள்பட ஒலிக்கும் என்பதை 1970லேயே மெய்ப்பித்தது. சொல்லை நீக்கிய பதிவிலும், கருவியை மாற்றிய பதிவிலும், குரல்வகையை மாற்றிய பதிவிலும் பாடல்கள் நிலைத்தன. எனவே அவற்றின் முடிபு இவற்றுள் தனித்த எதிலும் இல்லை. ஓயாத சுழற்சிக்கும் அவசரமற்ற குரலுக்கும் இடையிலான உறவிலேயே உள்ளது. அவ்வுறவு நேர்படுத்தப்பட்டபோது மட்டுமே பாடல்கள் தம் அடையாளத்தை இழந்தன.

ஒரு கலைஞரின் சாவு அவருடைய படைப்புக்கு உரையாசிரியர் ஆகிவிடும்போது, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே பொருள்தான் கிடைக்கும். மீள்பாடல்கள் அவ்வுரையை ஏற்க மறுத்த மாற்றுரைகள். டிரேக்கின் குரலைப் பின்பற்றித் துயருற்றுப் பாடியவை அவருடைய சாவுக்கு அஞ்சலி செலுத்தின. தாளச் சுற்றையும் குரல் நுழையும் இடத்தையும் கூர்ந்து கற்றுத் தம் வழியில் யாத்தவை அவருடைய உழைப்புக்கு அஞ்சலி செலுத்தின. வழிநூல் இலக்கணம் இவ்விரண்டையும் பிரித்தறியத் துணைசெய்கிறது. தமிழில் பெருகிவரும் மீள்பாடல்களையும், பாடியவரின் குரலொப்புமை கொண்டு அளக்காமல், இம்முடிபு–விகற்ப நோக்கில் ஆராய இடமுண்டு.